கட்டாரிலிருந்து வாசித்தவர் நீ இல்லை

மகன்,

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உறுதியான செய்தி இது: என் வலைப்பதிவைக் கட்டாரிலிருந்து கிழமை தவறாமல் வாசித்துவந்தவர் நீ இல்லை. தகவலைத் தந்தவர் அந்த வாசகரே. நேரில் வந்து, என் முன்னால் கதிரையில் இருந்து சொன்னார். இரண்டாவது ஆதாரத்துக்காக உன் ராத்தாவிடம் கேட்டேன். "தம்பி அதத் திறந்தே பாக்கல்ல வாப்பா. போன நாளில இருந்தே பாக்கல்ல. அந்தக் கமென்டப் பாத்து நீங்க சந்தோசமா இரிக்கிங்க எண்டுதான் நான் அத உங்களுக்குச் செல்லாம இருந்த" என்றாள். இரண்டு வாயால் உறுதியான செய்தியை மறுக்க எனக்குப் பழக்கமில்லை. அதனால் இந்தக் கடிதம். நான் உனக்கு வலைப்பதிவில் எழுதியதாக நினைத்தது எதுவும் உன்னை வந்து சேரவில்லை என்றால், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

நீ போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். முன்வீட்டில் ராத்தாவும் மச்சானும் பிள்ளைகளும். அது அவளுக்கு எழுதிக்கொடுத்த வீடு. உன் உம்மா மௌத்தான பிறகு நான் பின்னறைக்கு வந்ததும், அங்கே ஒரு கட்டிலும் மேசையும் கம்ப்யூட்டரும் இருப்பதும் உனக்குத் தெரியும். சாப்பாடு வேளைக்கு வரும். பேரப்பிள்ளைகள் வந்து போவார்கள். நான் தனியாக இருக்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மருதமுனையில் ஒரு மனிதன் காலையிலிருந்து நடுப்பகல் லுஹர் தொழுகை வரை ஒருவரோடும் ஒரு சொல் கதைக்காமல் இருக்கலாம் என்பதை நான் இந்த நான்கு வருஷத்தில் கண்டுகொண்டேன். வாசலில் யாராவது நின்று கூப்பிட்டால் அது மச்சானைத் தேடி வந்த ஆளாக இருக்கும்.

வலைப்பதிவு அந்த மௌனத்துக்காகத் தொடங்கியது அல்ல. கொழும்புப் பத்திரிகைக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பிரதேச நிருபராக இருந்தவன் நான். வயல் வட்டையில் வெள்ளம், மதகு உடைவு, கடலில் காணாமல் போன தோணி என்று எதை அனுப்பினாலும் ஐந்து வரியாக வெட்டிப் போட்டார்கள். ஓய்வு பெற்றதும், வெட்டப்பட்ட வரிகளை எழுத ஓர் இடம் வேண்டும் என்றுதான் அதைத் திறந்தேன். திறந்து தந்தது நீதான். கடவுச்சொல்லுக்கு உம்மாவின் பெயரைப் போட்டதும் நீதான். அதற்குள் ஊர் எல்லாம் முகநூலுக்குப் போய்விட்டது. "வாப்பா, அங்க வாங்க, ஆள் அங்கதான் இரிக்கி" என்று ராத்தா சொன்னாள். போனேன். சொறிக்கல்முனைப் பக்கத்து வாய்க்கால் உடைந்து விதைத்த வயல் அழிந்ததை இரண்டு நாள் அலைந்து எழுதிப் போட்டேன். கீழே முப்பது பேர் "மாஷா அல்லாஹ்" என்று போட்டிருந்தார்கள். ஒருவர் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லியிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். "ரெண்டு பேர் வாசிக்கிற பேப்பருக்கு எங்கட வாப்பாதான் ஆசிரியர்" என்று ராத்தா இப்போதும் மச்சானிடம் பகிடி பண்ணுவாள். அந்த இரண்டு பேரில் ஒருவர் அவள்.

இனி, நீ அறிந்த விஷயத்தை நான் அறிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். உனக்குக் கலியாணம் பேசிய இடம், வீடு கட்டும் மேசனின் குடும்பம். பிள்ளை நல்ல பிள்ளை. உனக்கும் விருப்பம். தடையாக நின்றது வீடு ஒன்றுதான். பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுத்தால்தான் மாப்பிள்ளை போவது என்ற நம் வழக்கம் உனக்குத் தெரியும். அந்த வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுபோயிருந்தது. கூரை இல்லை, ஜன்னல் இல்லை. உன் மாமாவும் நம் சொந்தங்களும், "வீடு முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார்கள். நீ என்னிடம் வந்து, "எனக்கு வீடு வேணாம் வாப்பா, நீங்க மாமாக்கு ஒரு வார்த்தை செல்லுங்க" என்றாய். ஒரு வார்த்தைதான் கேட்டாய். உன் உம்மாவின் தம்பியோடு முகம் முறிக்க எனக்குத் துணிவு வரவில்லை. வாயால் சொல்ல வேண்டியதை எழுத்தால் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் பக்கமாகப் போய், கட்டி முடியாத அந்த வீட்டைப் படம் எடுத்தேன்.

"என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டாய். சீதன வீட்டைப் பற்றி, பொதுவாக, என்றேன். "வாப்பா, இத எழுதாதீங்க" என்றாய். "பெயர் போடல்ல மகன்" என்றேன். இது என் தொழிலில் நாங்கள் எல்லோரும் சொல்கிற சமாதானம். பெயர் போடாவிட்டால் யாருக்கும் காயமில்லை என்று நிருபர்கள் நம்புவார்கள். ஆனால் நான் அந்தக் கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ஊரில் பாதி வீட்டைக் கட்டிக்கொடுத்த மேசனுக்குத் தன் மகளின் வீட்டுக்கு ஜன்னல் வைக்க வழியில்லை. அந்த வரி வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை ஒளிக்க மாட்டேன். எழுந்து அறைக்குள் இரண்டு தரம் நடந்தேன். அந்த ஒரு வரி போதும், பெயர் தேவையே இல்லை. மருதமுனையில் யாருக்குத்தான் அந்த மேசனைத் தெரியாது? படத்தில் இருந்த கிணற்றுக்கட்டையும் பப்பாசி மரத்தையும் பார்த்துச் சின்னப்பிள்ளையும் சொல்லும் அது யாருடைய வளவு என்று.

அதுவரை என் வலைப்பதிவுக்கு ஒரு நாளில் வந்தவர்கள் இரண்டு இலக்கத்தைத் தாண்டியதில்லை. அன்று நான்கு இலக்கம். யாரோ முகநூலில் பகிர்ந்து, அது வாட்ஸப் குழுக்களுக்குப் போய், மூன்று செய்தித் தளங்கள் படத்தோடு அள்ளிக்கொண்டு போயின. நான் மேசைக்கு முன்னால் இருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எண்ணிக்கையைப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அந்த நேரம் மேசனின் வாசலில் நின்றுகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. "எங்கட குமர்ப்பிள்ளைக்காக நீங்க ஊரெல்லாம் பிச்சை கேக்க வேணாம் தம்பி. போங்க" என்று அவர் சொன்னதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். நீ திரும்பி வந்து என் கதவில் நின்றாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டி, "மகன், பாருங்க, எத்தனை பேர் வாசிச்சிரிக்காங்க" என்றேன். அதன் பிறகு நீ என்னோடு கதைத்தது எதுவும் எனக்கு நினைவில்லை, ஏனென்றால் நீ கதைக்கவில்லை. அந்த மாதமே கட்டாருக்குப் போனாய்.

இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். இரண்டு தரமும் நீ துண்டித்தாய். மூன்றாம் தரம் எடுத்திருக்க வேண்டும். செய்தி வேண்டுமென்றால் மாவட்ட அரசாங்க அதிபரின் வாசலில் நாலு மணித்தியாலம் நின்றவன், பெற்ற மகனுக்கு மூன்றாம் தரம் எடுக்கவில்லை. இந்த நான்கு வருஷமும் உன் இலக்கம் என் போனில் இருந்தது. அதற்குப் பதிலாக நான் வலைப்பதிவில் எழுதத் தொடங்கினேன். வாய்க்காலைப் பற்றி எழுதினாலும், சந்தையைப் பற்றி எழுதினாலும், கடைசிப் பந்தியில் உனக்கென்று ஒன்றை வைப்பேன். 'தவறை அறிந்தவன் தாமதமாகவேனும் சொல்லவேண்டும்' என்கிற மாதிரி. எல்லோருக்கும் பொதுவாகவும், உனக்கு மட்டும் விளங்குகிற மாதிரியும். உலகத்துக்கு எழுதிவிட்டு அது ஒருவனுக்குப் போய்ச்சேரும் என்று காத்திருந்த என் யோசனையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீ போய் ஒன்றரை வருஷமளவில் வாசகர்களின் நாட்டுப் பட்டியலில் கட்டார் என்று ஒரு வரி வந்தது. ஒருவர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும். வெள்ளி உங்களுக்கு விடுமுறை. எனக்கு வேறு யோசனை வரவில்லை. கல்முனை வைத்தியசாலையில் கண்ணில் படலம் வெட்டிய அனுபவத்தை எழுதியபோது, பெயரில்லாத பின்னூட்டம் ஒன்று வந்தது: "உடம்பைப் பாருங்க. அடுத்ததை ஆறுதலாக எழுதலாம்." கண்ணைப் பற்றி ராத்தா உனக்குச் சொல்லியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். பதில் போட்டேன்: "கண் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?" அடுத்த வெள்ளி பதில் வந்தது: "ஓம். இண்டைக்கு ஒட்டி மீன் பொரியல்." உனக்கு ஒட்டி என்றால் உயிர். வேறென்ன ஆதாரம் வேண்டும்? இந்தக் கரையில் ஒட்டி மீன் பிடிக்காத ஆள் ஒருவரும் இல்லை என்பதை, ஒவ்வொரு தகவலையும் இரண்டு இடத்தில் விசாரிக்காமல் எழுதாத நான் யோசிக்கவில்லை. ஒருமுறை இரண்டு கிழமை நீ வரவில்லை. அதாவது, அவர் வரவில்லை. துணிந்து, "இன்னும் கோபமா?" என்று கேட்டேன். "எனக்கு உங்களோட என்ன கோபம்!" என்று வந்தது. அன்று நான் பின்கதவால் இறங்கிக் கடற்கரை வரை நடந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. நீ அசைந்து வருகிறாய், பெயர் போட இன்னும் காலம் எடுக்கும், அவசரப்படுத்தக் கூடாது என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பாண்டிருப்பு ஆள், பெயர் சுதாகரன், நாற்பது வயதளவில். தோஹாவில் ஒரு பெரிய கடையின் குளிரறையில் வேலை. விடுமுறைக்கு வந்திருக்கிறார். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. "ஐயாட வீட்டுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவாறது கோயிலுக்குப் பொங்கல் கொண்டுபோற மாதிரித்தான். வேற என்ன கொண்டாறதெண்டு தெரியல்ல" என்று சிரித்தார். மச்சானைத் தேடி வந்தவர் என்று நினைத்து முன்வீட்டைக் காட்டினேன்.

"இல்ல ஐயா, உங்களத்தான். நான்தான் உங்கட கட்டார் ஆள்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எந்தக் கட்டார் ஆள்?"

"ஒட்டி மீன் திண்ட ஆள் ஐயா! ஒவ்வொரு வெள்ளியும் வாசிப்பன். றூம்ல மற்றப் பொடியன்மார் கிரிக்கெட் பாப்பானுகள், நான் உங்களப் பாப்பன். நீங்க எனக்குப் பதில் போடுறதச் செல்லிப் பெருமையடிப்பன். பெரிய ரிப்போட்டர், என்னை நீ எண்டுதான் கூப்பிடுறார், சாப்பிட்டியா எண்டு கேக்கிறார் எண்டு. ஒருத்தனும் நம்பமாட்டான்."

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல நாள் வரமுடியாது, மகன். கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர், நான் எழுதிய மதகையும் வாய்க்காலையும் வரி வரியாக ஞாபகம் வைத்துக்கொண்டு, வீடு தேடி வந்திருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபமா என்று கேட்டதைப் பற்றி விசாரித்தேன். "நான் ரெண்டு கிழமை கமென்ட் போடல்லத்தானே, அதுக்குக் கேக்கிறீங்க எண்டு நினைச்சன்" என்றார். பிறகு உண்மையைச் சொன்னேன். அவர் பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் வைத்தார். "அப்ப நான் இவ்வளவு நாளும் உங்கட மகன்ட சோத்தத் திண்டிருக்கன்" என்றார். பகிடியாகச் சொல்லத் தொடங்கினார், பகிடியாக முடியவில்லை.

போகும்போதுதான் அதைக் கேட்டார். "ஐயா, குறை நினைக்காதீங்க. அந்த ஜன்னல் இல்லாத வீட்டுக் கட்டுரையாலதான் நான் உங்களக் கண்டுபிடிச்சன். ஆரோ பகிர்ந்திருந்தாங்க. அது இவ்வளவு கரைச்சலக் குடுத்திருக்கெண்டா, ஏன் இன்னும் அத எடுக்காம வச்சிருக்கீங்க?"

பதில் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். எழுதியதை அழிக்கக் கூடாது என்ற தொழில் ஒழுக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இன்றுவரை என் வலைப்பதிவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கட்டுரைக்குத்தான் வருகிறார்கள். அதை எடுத்தால் எண்ணிக்கை விழும். யாரும் இல்லாத பின்னறையில் இருக்கிறவனுக்கு அந்த எண்ணிக்கை ஆள் நடமாட்டம் போல இருந்தது. மேசனின் மகளுடைய மானத்தை விலையாகக் கொடுத்து நான் அந்த நடமாட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளி மாலை மஃரிபுக்கு முன்னால் அதை அழித்தேன். அழித்த பிறகு திரையில் எதுவும் நடக்கவில்லை. 'அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து மறைந்தது.

சனிக்கிழமை காலை மேசனிடம் போனேன். நான்கு வருஷமாகப் பள்ளிவாசலில் அவர் நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டு வேறு வரிசைக்குப் போனவன் நான். வீடு முடிந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கலியாணமாகி ஒரு குழந்தை. அதை நீயும் அறிந்திருப்பாய். அவர் வாசலில் சீமெந்துச் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"வாங்க. போன் கொண்டந்தீங்களா? இப்ப ஜன்னல் இரிக்கி. வேணுமெண்டா ஒரு படம் எடுங்க" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். தயார் பண்ணிக்கொண்டு போன வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "பிழை என்ட பக்கம்" என்பதை மட்டும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்துத் தேத்தண்ணி கேட்டார். குடிக்கும்வரை இருவரும் மழையைப் பற்றிக் கதைத்தோம். எழும்பும்போது சொன்னார்: "என்ட கோபம் கூரை போட்ட அண்டைக்கே போயிட்டு. உங்கட மகன்ட கோபம் எங்க நிக்கிதெண்டு அவர்ட்டத்தான் கேக்கணும். ஆனா ஒண்டு, அவர் அண்டைக்கு வாசல்ல நிண்டு உங்களுக்காக மாப்புக் கேட்டாரே தவிர உங்களப் பத்தி ஒரு குறை செல்லல்ல. அத எழுதினீங்களா?" எழுதவில்லை. எனக்கு அது தெரியாது. இன்றுதான் எழுதுகிறேன்.

உன் நிக்காஹ் அக்கரைப்பற்றில் முடிவாகியிருப்பதை ராத்தா சொன்னாள். மாமாதான் பேசி முடித்தார் என்றும், அடுத்த மாதம் வருகிறாய் என்றும். அந்த வீடு எப்படி என்று நான் கேட்கவில்லை. புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் பிழை விட்டவனுக்குத் தெரிந்தது சரியாக நடந்தவனுக்குத் தெரியாது. உன் மனைவி உன்னிடம் சொல்லும் எதையும் மற்றவருக்குச் சொல்லும் கதையாக்காதே. நல்ல கதையாக இருந்தால் இன்னும் கவனமாக இரு. அவள் முகத்தையோ, சமையலையோ, அழுகையையோ போனில் போடுமுன் அவளிடம் கேள். அவள் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவரிடமே போய்ச் சொல். மறைமுகமாக எழுதி வைத்துவிட்டு, புரிந்துகொள்வார்கள் என்று இருக்காதே. அவள் கதவில் வந்து நின்றால் முதலில் அவள் முகத்தைப் பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் உன் வாசகன்தான். ராத்தா தன் போனில் உன் முகநூலைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பது போலக் குசினிக்குப் போவாள். நான் பார்ப்பேன். மணற்காற்று அடித்த நாள், உன் வேலைத்தலத்துத் தொப்பி, அறைத்தோழர்களோடு பெருநாள் சாப்பாடு. நீ மெலிந்ததும் பிறகு தேறியதும் எனக்குத் தெரியும். எந்தப் படத்துக்கும் நான் விருப்பம் போட்டதில்லை. உன் பட்டியலில் என் பெயர் வராது.

இந்தக் கடிதத்தை வலைப்பதிவில் போட எழுதவில்லை. நான் உன்னைப் பற்றிப் பகிரங்கமாக எழுதியது நீ வேண்டாம் என்றும் கேட்காமல்தான். என் மன்னிப்பையும் அப்படிச் செய்யமாட்டேன். நீ "ஓம்" என்று சொன்னால் ஒரு சொல் மாற்றாமல் போடுவேன். சொல்லாவிட்டால் உன் கையில் இருப்பதே இதன் ஒரே பிரதியாக இருக்கும்.

இன்னும் முடியாதவை இவை. அந்தக் கட்டுரையை அள்ளிய மூன்று தளங்களில் இரண்டு படத்தோடு எடுத்துவிட்டன. மூன்றாவதன் ஆசிரியர் கொழும்பில் நிற்கிறார், திங்கட்கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எடுத்தாரா என்று பார்த்து ராத்தா மூலம் அறிவிப்பேன். சுதாகரன் புதன்கிழமை போகிறார். கடிதத்தையும் ராத்தா பொரித்துக் கட்டும் கருவாட்டையும் அவர் வெள்ளிக்கிழமை உன் அறைக்கு நேரில் கொண்டுவந்து தருவார். தானே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடு. நிக்காஹ் அன்று மணப்பெண்ணுக்கு வலி என்ற பொறுப்பாளர் வேண்டும், சாட்சிகள் வேண்டும். மாப்பிள்ளைக்கு வாப்பா இல்லாமலே அது நிறைவேறும், மார்க்கத்தில் குறையில்லை. ஆனால் பெண் வீட்டு வாசல் வரை உன் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். அது யார் என்று இன்னும் முடிவாகவில்லை. "ஆரெண்டு அவன் செல்லட்டும், நான் செல்ல மாட்டன்" என்று மாமா ராத்தாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் உன்னிடம் அதைக் கேட்கப்போவது இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பிறகு.

வாப்பா